விருந்தினர் ஒருவரின் நேர்காணல்களைத் தேடித் திரட்டுவது: எந்தத் தளம் எதற்கு உதவும்?

சிதம்பரத்தில் 1952-ல் பிறந்து, உயிரணுக்களில் புரதங்களை உருவாக்கும் ரைபோசோம் பற்றிய ஆய்வுக்காக 2009-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைத் தாமஸ் ஸ்டெய்ட்ஸ், அடா யோனத் ஆகிய இருவருடன் பகிர்ந்துகொண்ட வெங்கி ராமகிருஷ்ணனின் நேர்காணல்களைக் கூடியவரை விடுபடாமல் கேட்க ஒருவர் விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இவரைப் போன்றவர்கள் பெரும்பாலும் பிறர் நடத்தும் நிகழ்ச்சிகளுக்கு விருந்தினராகவே வருகிறார்கள் என்பதால், ஒரு சேனலுக்குச் சந்தா சேர்ந்துவிட்டு நிம்மதியாக இருக்க வழியில்லை. தேடித்தான் ஆக வேண்டும். எங்கே தேடினாலும், அந்தத் தளம் முதன்மையாகப் பார்ப்பது பதிவேற்றியவர் தலைப்பிலும் விவரக்குறிப்பிலும் எழுதிவைத்ததைத்தான். விருந்தினர் என்ன பேசினார் என்பது பெரும்பாலும் அதன் கணக்கில் வருவதே இல்லை. தளங்களை ஒப்பிடும்போது நான் முக்கியமாகக் கவனிப்பது இதைத்தான்.

எல்லோரும் முதலில் திறப்பது யூடியூப். அதன் பலமும் பலவீனமும் ஒன்றே: அங்கே எல்லாம் இருக்கிறது. பெயரைத் தட்டினால் முழு நேர்காணலுக்கு முன்பாகவே அதிலிருந்து வெட்டிய ஒரு நிமிடத் துண்டுகளும், பின்னணி இசை சேர்த்து வேறு யாரோ மறுபதிவேற்றியவையும், நேர்காணல் அல்லாத மேடைச் சொற்பொழிவுகளும் வரிசைகட்டி நிற்கின்றன. இருபது நிமிடத்துக்கு மேற்பட்டவை மட்டும் போதும் என்று ஃபில்டரில் தேர்ந்தெடுத்தால் இந்தக் கூட்டத்தில் பாதி விலகிவிடும். அதைவிடப் பயனுள்ள வசதி ஒன்று பலருக்குத் தெரிவதில்லை: தேடல் பெட்டியில் பெயரை அடுத்து ஆஃப்டர், பிஃபோர் என்ற ஆங்கிலச் சொற்களை முக்காற்புள்ளியோடு (:) எழுதி, இடைவெளி விடாமல் ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் தேதியைச் சேர்த்தால், அந்தக் காலத்துக்குள் பதிவேறிய காணொளிகளைப் பிரித்தெடுக்கலாம்.

தேதி ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், விருந்தினர்களின் நேர்காணல்கள் ஆண்டு முழுவதும் சீராகப் பரவிக் கிடப்பதில்லை. ஒரு பரிசு, ஒரு பதவி, ஒரு புதிய நூல் என்று ஏதாவது ஒன்றையொட்டிக் கொத்துக் கொத்தாகவே வருகின்றன. வெங்கியைப் பொறுத்தவரை 2009 அக்டோபரில் நோபல் அறிவிப்பு, 2015 முதல் 2020 வரை பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் தலைமை, 2018-ல் ரைபோசோம் ஆய்வைப் பற்றிய நூல், 2024-ல் முதுமையையும் மரணத்தையும் பற்றிய நூல் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் சில மாதங்களைச் சேர்த்துத் தேடினால், வெறும் பெயர்த் தேடலில் அடியில் புதைந்து கிடக்கும் சிறிய சேனல்கள் மேலே வரும். யூடியூபின் மற்றொரு சிறப்பு, பேசியதை எழுத்தில் தரும் எழுத்துப்படி. கணினியில் விவரக்குறிப்பை விரித்து எழுத்துப்படியைத் திறந்து, கண்ட்ரோல்-எஃப் அழுத்தி ஒரு சொல்லைத் தேடினால், ஒன்றரை மணி நேர உரையாடலில் அந்தச் சொல் வரும் இடத்துக்கு நேராகப் போய்விடலாம். தானாக உருவாகும் எழுத்துப்படி ஊர்ப் பெயர்களையும் ஆட்பெயர்களையும் கண்டபடி எழுதிவைக்கும் என்பதால், பெயருக்குப் பதில் துறைச்சொல்லைத் தேடுவதே நல்லது.

ஸ்பாட்டிஃபையும் ஆப்பிள் பாட்காஸ்ட்ஸும் பாட்காஸ்ட் எனப்படும் இணைய ஒலி நிகழ்ச்சிகளைக் கேட்பதற்கு மிக நல்ல செயலிகள். தேடுவதற்கு அவ்வளவு நல்லவை அல்ல. ஸ்பாட்டிஃபை அடிப்படையில் இசைத் தளம் என்பதால், ராமகிருஷ்ணன் என்று மட்டும் தேடுகிறவர் பாடல்களையும் கலைஞர்களையும் கடந்துதான் எபிசோடுகளுக்கு வந்து சேர வேண்டும். எபிசோடுகளைக் குறிப்பிட்ட காலத்துக்குள் மட்டும் தேடும் வசதியும் அங்கே இல்லை. ஆனாலும் அதை முற்றாக ஒதுக்க முடியாது. அமெரிக்கப் பாட்காஸ்ட் தொகுப்பாளர் ஜோ ரோகனின் நிகழ்ச்சி 2020 டிசம்பரிலிருந்து 2024 தொடக்கம் வரை முழு வடிவில் அங்கே மட்டுமே கிடைத்தது. அந்தக் காலத்தில் அவருடைய விருந்தினர் ஒருவரை யூடியூபில் தேடியவருக்குத் துண்டுகள்தான் அகப்பட்டன. ஆப்பிள் 2024 மார்ச்சில் எபிசோடுகளுக்குத் தானியங்கி எழுத்துப்படியைக் கொண்டுவந்தது; தொடக்கத்தில் அது ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் ஆகிய நான்கு மொழிகளுக்கு மட்டுமே. எபிசோடைக் கண்டுபிடித்த பிறகு அதற்குள் தேட இது உதவும். கண்டுபிடிப்பது வேறு வேலை.

அந்த வேலைக்கென்றே அமைந்தது லிசன் நோட்ஸ். இது பாட்காஸ்ட்டுகளுக்கான தேடுபொறி. பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டு, நிகழ்ச்சிகளை விட்டு எபிசோடுகளில் மட்டும் தேடச் சொல்லி, மொழி, நீளம், காலம் ஆகியவற்றால் சலித்து, தேதி வாரியாக அடுக்கிக்கொள்ளலாம். கிடைத்தவற்றை ஒரு பட்டியலில் சேர்த்தால் அந்தப் பட்டியலே ஓர் ஆர்எஸ்எஸ் ஓடையாக, அதாவது எபிசோடுகளைச் செயலிக்குத் தானாகக் கொண்டுசேர்க்கும் இணைப்பாக, மாறிவிடுகிறது. அதை நமக்குப் பழகிய செயலியில் இணைத்து வரிசையாகக் கேட்கலாம். அந்தப் பெயர் புதிதாக எங்காவது அடிபட்டால் மின்னஞ்சல் அனுப்பும் வசதியும் உண்டு. சில வசதிகளுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பதையும், யூடியூபில் மட்டும் வெளியாகும் நேர்காணல்கள் இதன் கண்ணில் படாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழ் நேர்காணல்களில் கணிசமானவை அப்படிப்பட்டவை என்பதால், தமிழில் மட்டும் பேசும் விருந்தினரைத் தேடுகிறவருக்கு லிசன் நோட்ஸில் தொடங்கலாம் என்ற என் பரிந்துரை தலைகீழாகிவிடும்: அவர் யூடியூபில் தொடங்குவதே சரி. அங்கும் ராமகிருஷ்ணன், இராமகிருஷ்ணன் என்று இரண்டு விதமாகவும், ஆங்கில எழுத்துகளிலும் தேடிப் பார்ப்பது அவசியம்.

2022-ல் ஏகாஸ்ட் என்ற பாட்காஸ்ட் நிறுவனம் வாங்கிய பாட்சேசர் ஒரு பாட்காஸ்ட் தரவுத்தளம்; அது வேறு வழியில் செல்கிறது. திரைப்படங்களுக்கு நடிகர் பட்டியல் இருப்பதைப் போல இங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் இருக்கிறது; அவர் தொகுத்து வழங்கியவையும் விருந்தினராக வந்தவையும் அதில் இடம்பெறுகின்றன. பெயர் தலைப்பில் வந்ததா, ஆள் உண்மையில் பேசினாரா என்ற குழப்பத்தை இது தீர்க்கிறது. ஆனால் யாராவது உட்கார்ந்து பதிந்தால்தான் அந்த விவரம் இருக்கும். ஆகவே சரிபார்க்க மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

இவை அனைத்துக்கும் வெளியே கிடப்பவையும் உண்டு. நோபல் அறிவிப்பு வந்த அன்றே வெங்கியுடன் தொலைபேசியில் பதிவான குறு நேர்காணலை நோபல் பரிசின் இணையதளத்திலேயே கேட்கலாம். ஸ்டாக்ஹோமிலிருந்து வந்த அழைப்பை நண்பரின் விளையாட்டு என்று எண்ணி, பேசியவரின் ஸ்வீடிஷ் உச்சரிப்பைப் பாராட்டியதாக அதில் அவர் சொல்கிறார். இப்படிப்பட்டவற்றுக்குக் கூகுளில் சைட் என்ற ஆங்கிலச் சொல்லையும் முக்காற்புள்ளியையும் அடுத்துத் தள முகவரியை இட்டுத் தேடுவதே வழி. பழைய நிகழ்ச்சிகள் சில தங்கள் ஓடையில் அண்மைய எபிசோடுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடுவதால், நிகழ்ச்சியின் சொந்தத் தளத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024-ல் மூடப்பட்டதால், பழைய கட்டுரைகள் தரும் அதன் இணைப்புகளை நம்பிப் பயனில்லை. எபிசோடின் தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வேறிடத்தில் தேட வேண்டும்.

ஆங்கிலத்தில் பேசும் விருந்தினருக்கு லிசன் நோட்ஸ் முதலில், தேதி வரம்போடு யூடியூப் அடுத்து, சொந்தத் தளங்கள் மூன்றாவதாக என்ற வரிசையை நான் பரிந்துரைக்கிறேன். இப்படித் திரட்டினால் ஒரே உரையாடல் ஒலியாகவும் காணொளியாகவும் மறுஒலிபரப்பாகவும் பலமுறை பட்டியலில் ஏறியிருக்கும். நீளத்தை வைத்து மட்டும் அவற்றை இனம்காண முடியாது. பல நிகழ்ச்சிகளின் ஒலி வடிவத்தில் விளம்பரங்கள் பதிவிறக்கும்போதுதான் செருகப்படுகின்றன என்பதால், ஒரே எபிசோடு இன்று ஒரு நீளமும் அடுத்த மாதம் இன்னொரு நீளமும் காட்டக்கூடும். முதல் கேள்வி ஒன்றுதானா என்று கேட்டுப் பார்ப்பதே உறுதியான சோதனை. அதே காரணத்தால், ஒருவர் சொன்னதை மேற்கோள் காட்ட விரும்புகிறவர் பாட்காஸ்ட் செயலி காட்டும் நிமிடக் கணக்கைக் குறித்துவைப்பதைவிட, காணொளி இருந்தால் அதன் நிமிடத்தையும், இல்லாவிட்டால் அந்தக் கேள்வியின் வாசகத்தையும் குறித்துவைப்பது நல்லது.