இறகுக் கிரீடமா, ட்ரீம்கேட்சரா, மக்காச்சோளப் பொம்மையா?

அமெரிக்காவில் நவம்பர், பூர்வகுடி மரபு மாதம். தேங்க்ஸ்கிவிங்கும் அப்போதுதான். பிள்ளையோடு உட்கார்ந்து ஏதாவது செய்ய நினைக்கும் பெற்றோருக்காக பூர்வகுடிகளின் மூன்று கைவினைப் பொருள்களை அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் இறகுக் கிரீடம். கடையில் விற்கும் கைவினைப் பெட்டியில் அட்டைப் பட்டை, சாயமிட்ட இறகு, பசை. பத்து நிமிட வேலை. ஆனால் லக்கோட்டா, ஷயான் போன்ற அமெரிக்கச் சமவெளிப் பூர்வகுடிகளிடம் கழுகிறகுக் கிரீடம் அணியும் தகுதி வீரத்தாலும் தொண்டாலும் சம்பாதிப்பது. அதை விளையாட்டுத் தொப்பியாக்கி மாலையில் குப்பையில் போடப் பிள்ளையைப் பழக்க வேண்டாம். இந்தப் பெட்டியை வாங்கவே வாங்காதீர்கள்.

வளையத்தில் நூலால் வலை பின்னிய ட்ரீம்கேட்சரை அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அது ஒஜிப்வே என்ற பூர்வகுடி மக்களுடையது. அமெரிக்க இனவியல் ஆய்வாளர் பிரான்சஸ் டென்ஸ்மோர் 1929இல் வெளியிட்ட நூலில், குழந்தையைக் கட்டிச் சுமக்கும் தொட்டில் பலகையின் வளையத்தில் தொங்கிய சிறு ‘சிலந்தி வலைகள்’ பற்றி எழுதியிருக்கிறார். சிலந்தி வலையில் பூச்சி சிக்குவதுபோல, குழந்தையை நெருங்கும் தீங்கு அதில் சிக்கிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. 1960, 70களில் மற்ற பூர்வகுடிகளிடமும் அது பரவியது. குழந்தைக்காகவே பிறந்த பொருள், சரி. ஆனால் பெட்டியில் ஒஜிப்வே என்ற பெயர் இருக்கிறதா, தயாரித்தவர்கள் யார் என்று பாருங்கள். வெறும் ‘பூர்வகுடிக் கலை’ என்று மட்டும் இருந்தால் வாங்காமல் திரும்ப வைத்துவிடுங்கள். பூர்வகுடிகள் செய்தது என்று பொய் சொல்லி விற்பதை 1990ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் பிளாஸ்டிக் வளையமும் நைலான் நூலும் கொடுத்து ‘நீயே செய்துகொள்’ என்னும் பெட்டி அப்படிச் சொல்வதில்லையே! அதனால் நாம்தான் பார்த்து வாங்க வேண்டும்.

என் மனம் போவது மூன்றாவதன் பக்கம்: ஹோடெனோஷோனி மக்களின் மக்காச்சோளத் தோல் பொம்மை. மோஹாக், செனெக்கா உள்ளிட்ட ஆறு குடிகளின் கூட்டமைப்புதான் ஹோடெனோஷோனி. நியூயார்க் மாநிலத்திலும் கனடாவிலும் இன்றும் வாழ்கிறார்கள். ‘வாழ்ந்தார்கள்’ என்று பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். இதற்குப் பெட்டியே தேவையில்லை. தமாலே (மக்காச்சோள மாவைத் தோலில் பொதிந்து அவிக்கும் பண்டம்) செய்வதற்காக மெக்சிகன் மளிகைக் கடைகளில் விற்கும் காய்ந்த தோலை வெந்நீரில் ஊறவைத்து, மடித்து, நூலால் கட்டினால் போதும். சரியாக ஊறாவிட்டால் கிழியும். முதல் பொம்மை கோணலாகத்தான் வரும், வரட்டும்.

பொம்மைக்கு முகம் கிடையாது. குழந்தைகளோடு விளையாடப் பிறந்த மக்காச்சோளப் பொம்மை ஒருத்தி, தண்ணீரில் தன் அழகைக் கண்டு மயங்கி அவர்களை மறந்தாள். படைத்தவர் அவள் முகத்தை எடுத்துக்கொண்டார் என்பது அவர்கள் சொல்லும் கதை. கண் வரைய உங்கள் பிள்ளை ஸ்கெட்ச் பேனாவைத் தேடும்போது, அதை வாங்கி வைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.