வலது பக்கக் கப்

போன வாரம் என் பழைய பிரெஞ்சு ரேஸ் சைக்கிளின் பாட்டம் பிராக்கெட்டை, அதாவது மிதிக்கட்டைகளின் அச்சு சுழலும் பகுதியை, மூன்றாவது தடவையாகக் கழற்றிப் பூட்டினேன். கையிலிருந்த கிரீஸைத் துடைக்கும் முன்பே நண்பர் ஒருவர் படம் அனுப்பினார். அதே மாதிரி ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறதாம். "வாங்கலாமா அண்ணே?"

என்னுடையது 1970களில் செய்தது. 2017 ஜூலையில் சுங்கை ரோடு சந்தையை மூடுவதற்குச் சில வாரம் முன்னால், சிங்கப்பூரின் அந்தப் பழைய பொருள் சந்தையில் 120 வெள்ளிக்கு வாங்கினேன். துருவும் வெடித்த டயரும் பழசு வாங்குகிற எல்லாருக்கும் உள்ளதுதான். அதில் எனக்கு வருத்தமே இல்லை. என் கோபமெல்லாம் அந்த வலது பக்கக் கப் மேல்தான். பாட்டம் பிராக்கெட்டின் இரண்டு பக்கமும் ஃபிரேமில் திருகிப் பூட்டும் கிண்ணம்தான் கப்.

மிதிக்கும்போது உள்ளே உருளும் பால்ரஸ் குண்டுகள், கிராங்க் (மிதிக்கட்டையைத் தாங்கும் கை) சுற்றும் திசைக்கு எதிராகக் கப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பும். அதனால்தான் ஆங்கில அளவில் வலது கப்புக்கு இடது மரை, அதாவது இடப்பக்கம் திருப்பினால் இறுகும் மரை, வெட்டினார்கள். மிதிக்க மிதிக்க அது இறுகும். பழைய பிரெஞ்சு அளவில் இரண்டு பக்கமும் வலது மரை. மிதிக்க மிதிக்கக் கழலும்! உதிரிபாகமும் லேசில் கிடைக்காது. பிரெஞ்சு கப் விட்டம் 35 மி.மீ., மரை இடைவெளி 1 மி.மீ. ஆங்கிலக் கப் கிட்டத்தட்ட 34.8 மி.மீ., அங்குலத்துக்கு 24 மரை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கடைக்காரர் ஒருவர், "ஏறிடும், விடுங்க" என்று இடது பக்கம் ஆங்கிலக் கப்பைத் திருக ஆரம்பித்துவிட்டார். இரண்டாவது சுற்றில் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஃபிரேமில் மரை போனால் அப்புறம் என்ன செய்வது?

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். விடியற்காலையில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலிருந்து சாங்கி வரைக்கும் அதில் போவது தனி சுகம். கியர் லீவர் கீழ்க்குழாயில் இருக்கிறது, கிளிக் கிடையாது. செயின் பல்லில் உட்காரும் சத்தத்தைக் காதால் கேட்டுக் கையை நிறுத்த வேண்டும். ஒரு மாதத்தில் கை தானாகப் பழகிவிடும். நடைபாதைக் கல்லின் அதிர்ச்சியை அந்த மெல்லிய இரும்புக் குழாய் பாதியிலேயே வாங்கிக்கொள்ளும். என் கார்பன் சைக்கிளில் இந்த சுகம் கிடைத்ததில்லை. என்ன விலை கொடுத்தாலும் இதை விற்க மாட்டேன்.

அப்படி ஒரு காலையில்தான் விமான நிலையத்தைத் தாண்டும்போது காலடியில் "டக்" என்றது. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு டக். மறுபடியும் கப்!

இந்த முறை மரையைச் சுத்தமாகத் துடைத்து, மரைப்பசை தடவி, கப்பின் ஓட்டையில் பெரிய போல்ட்டை விட்டு, இரண்டு பக்கமும் வாஷர் வைத்து நட்டால் கவ்வி, நீளக் கைப்பிடி ஸ்பேனரில் உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு இறுக்கினேன். முதல் இரண்டு தடவையும் வெறும் ஸ்பேனரை நம்பியது என் தப்பு. இருந்தாலும், ஒரு கப்புக்காக மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறது.

தம்பி, வாங்காதீங்க. அதே காலத்து ஜப்பான் சைக்கிள் தேடுங்க, பெரும்பாலும் ஆங்கில மரைதான் இருக்கும். மனசு கேட்கவில்லை என்றால், விற்பவரிடம் வலது கப்பைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. 35x1 என்று பொறித்திருந்தால் பதிலே போடாதீங்க.