அரசு கவிழ்ந்துவிட்டது, அட்வான்ஸ் இப்போது வராது என்றார்கள்

பாங்காக்கில் வாடகைக்கு இருக்கும் நம்மவர்களுக்காகவும், வேலை கிடைத்து இங்கே வரப்போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். 19,000 பாட் அட்வான்ஸைத் திரும்ப வாங்க நான் நாலரை மாதம் அலைந்தேன். முழுதாக வரவும் இல்லை. பணம் போனதைவிட, என்னை என்ன சொல்லி நிறுத்தி வைத்தார்கள் என்பதுதான் இன்னும் வலிக்கிறது. அதே வார்த்தைகளை 2025 செப்டம்பரில் என் நண்பர் ஒருவரிடமும் வேறொரு கட்டடத்தில் சொன்னார்கள். அப்போதுதான் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

2022 ஆகஸ்டில் உதோம் சுக் பக்கம் ஒரு அறைக்குக் குடிபோனேன். ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். ஏழு மாடிக் கட்டடம், எல்லா அறைகளும் ஒரே முதலாளிக்குச் சொந்தம், கீழே அலுவலகத்தில் ஒரு மேலாளர் அம்மா. வாடகை 9,500 பாட், அட்வான்ஸ் இரண்டு மாத வாடகை. ஒப்பந்தம் ஆங்கிலத்திலும் தாய்லாந்து மொழியிலும் இருந்தது. இரண்டுக்கும் வேறுபாடு வந்தால் தாய்லாந்து மொழிப் பிரதியே செல்லும் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. நான் ஆங்கிலத்தை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். "அறையைக் காலி செய்யும்போது சுவருக்கு வண்ணம் பூசும் செலவு வாடகைக்காரருடையது" என்ற வரி தாய்லாந்து மொழிப் பக்கத்தில் மட்டும் இருந்தது எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

முதல் அறிகுறி மின்கட்டணத்தில் வந்தது. எங்கள் கட்டடத்தில் யூனிட்டுக்கு 8 பாட். மின்வாரியம் வீடுகளிடம் வாங்குவது ஏறக்குறைய அதில் பாதிதான். 2023 ஆகஸ்டில் ஸ்ரெத்தா தவிசின் பிரதமரானார். செப்டம்பரில் அவருடைய அமைச்சரவை எடுத்த முதல் முடிவுகளில் ஒன்று மின்கட்டணக் குறைப்பு. 3.99 பாட் என்று எல்லாத் தொலைக்காட்சியிலும் ஓடியது. கீழே போய், "நமக்கும் குறையுமா?" என்று கேட்டேன். மேலாளர் அம்மா சிரித்தபடியே, "அது அரசியல், நம் கட்டடத்துக்கு வராது" என்றார். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை, ஏளனம் இல்லை. அதனாலேயே நான் மேற்கொண்டு கேட்கவில்லை. இந்த ஊரில் 'கிரெங் ஜாய்' என்று ஒன்று உண்டு. அடுத்தவருக்குச் சங்கடம் தரக் கூடாது என்ற தயக்கம். மிக நல்ல குணம், இந்த மக்களிடம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் பணம் பிடித்து வைக்கிறவர் நம்முடைய அந்தத் தயக்கத்தைத்தான் நம்பியிருக்கிறார்.

2024 ஜூலை 31 அன்று அறையைக் காலி செய்தேன். ஒரு மாதம் முன்பே லைனில் சொல்லியிருந்தேன். இங்கே வீட்டு வாடகை முதல் பல் மருத்துவர் வரை எல்லாம் லைன் செயலியில்தான் நடக்கும். அம்மா வந்து அறையைப் பார்த்தார், "நன்றாக வைத்திருக்கிறீர்கள்" என்றார், சாவியை வாங்கிக்கொண்டார். அறையில் சேதம் இல்லையென்றால் ஏழு நாளுக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. 2018-லேயே நுகர்வோர் பாதுகாப்பு வாரியத்தின் ஒப்பந்தக் குழு இதைக் கொண்டுவந்தது. நான் இருந்த காலத்தில் ஐந்து அறைகளோ அதற்கு மேலோ வாடகைக்கு விடுகிறவர்களுக்கு அது பொருந்தும். எங்கள் கட்டடத்தில் அறுபது அறைகளுக்கு மேல். மீறினால் சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

ஏழாம் நாள் ஆகஸ்ட் 7. அன்றுதான் அரசியல் சாசன நீதிமன்றம் மூவ் ஃபார்வர்ட் கட்சியைக் கலைத்தது. 2023 மே 14 தேர்தலில் 151 இடங்களோடு முதலிடத்தில் வந்த கட்சி. ஒரு கோடியே நாற்பது லட்சம் பேருக்கு மேல் அதற்கு வாக்களித்தார்கள். ராணுவ ஆட்சிக் காலத்தில் நியமிக்கப்பட்ட மேலவை ஒத்துழைக்காததால் அவர்களால் ஆட்சி அமைக்கவே முடியவில்லை. என் அலுவலகத்தில் இளம் பெண்கள் இரண்டு பேர் அன்று மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் வெளிநாட்டுக்காரன், இந்த நாட்டு அரசியலில் எனக்குக் குரல் இல்லை, இருக்கவும் கூடாது. ஆனாலும் வாக்குப் போட்டவர்களின் முகத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவனுக்கு மனம் கனக்காமல் இருக்காது. அந்த நிலையில் அட்வான்ஸ் பற்றிக் கேட்கவே கூச்சமாக இருந்தது. ஆனாலும் மாலையில் லைனில் ஒரு செய்தி போட்டேன். முதலாளி வெளியூரில் இருக்கிறார், அடுத்த வாரம் என்று பதில் வந்தது.

அடுத்த வாரம் ஆகஸ்ட் 14. எங்கள் சோய் (சந்து) முனையில் சோறும் குழம்பும் விற்கும் பா கடையில் நின்றிருந்தேன். 'பா' என்றால் நம் பெரியம்மா மாதிரி. வயதில் மூத்த பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். மதியம் மூன்று மணிக்கு அதே நீதிமன்றத்தில் பிரதமர் மீதான வழக்கின் தீர்ப்பை வாசிக்கத் தொடங்கினார்கள். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஸ்ரெத்தாவின் பதவி பறிபோனது. முன்பு சிறை சென்றிருந்த ஒரு வழக்கறிஞரை அமைச்சராக்கியது அறநெறி மீறல் என்பது காரணம். பா ஒரு தடவை தொலைக்காட்சியை நிமிர்ந்து பார்த்தார், பிறகு அடுத்தவருக்குக் குழம்பு ஊற்றினார்.

மறுநாள் நேரிலேயே போனேன். மேலாளர் அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, நிதானமாகச் சொன்னார்: "பிரதமர் போய்விட்டார், தெரியுமா? அமைச்சரவையும் போய்விட்டது. வாடகை விதியைப் பார்க்கும் வாரியம் பிரதமர் அலுவலகத்தின் கீழ்தான் வருகிறது. புது அரசு வரும்வரை எல்லாம் நின்றிருக்கும். விதியே மாறலாம். கொஞ்சம் பொறுங்கள். ஜாய் யென் யென்." மனதைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

நான் நம்பினேன். 2006-லும் 2014-லும் ராணுவம் ஆட்சியைப் பிடித்த நாடு, போன வாரம் கட்சி கலைந்தது, இந்த வாரம் பிரதமர் போய்விட்டார். இப்படிப்பட்ட இடத்தில் என் 19,000 பாட்டுக்காக எந்த அதிகாரி உட்கார்ந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். ஆகஸ்ட் 16 அன்று பெதோங்தான் ஷினவத்ரா புதுப் பிரதமராகத் தேர்வானார். கேட்டேன். "அமைச்சரவை இன்னும் பதவியேற்கவில்லையே" என்றார். செப்டம்பர் 6 அன்று பதவியேற்றார்கள். கேட்டேன். "புது அமைச்சர் பொறுப்பெடுக்க ஒரு மாதமாவது ஆகும்" என்றார்.

இப்போது திரும்ப யோசித்தால், அவர் சொன்ன செய்திகள் ஒவ்வொன்றும் உண்மை. அந்த வாரியம் பிரதமர் அலுவலகத்தின் கீழ் இருப்பதுகூட உண்மைதான். அந்தச் செய்திகளுக்கும் என் பணத்துக்கும் இருப்பதாகச் சொன்ன தொடர்புதான் பொய். ஒப்பந்தம் எனக்கும் கட்டட முதலாளிக்கும் இடையில் போட்டது. பிரதமர் யாராக இருந்தாலும் ஏழு நாள் ஏழு நாள்தான்.

இதை எனக்குப் புரிய வைத்தது பா. செப்டம்பர் நடுவில் ஒரு நாள் சாப்பிடும்போது நடந்ததைச் சொன்னேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "ஆட்சி கவிழ்ந்த வாரத்தில்தான் என் மகள் வட்ட அலுவலகத்துக்குப் போய்க் குழந்தையின் பெயரைப் பதிந்துவிட்டு வந்தாள். ராணுவம் வந்த வருஷம் நானே அடையாள அட்டை புதுப்பித்தேன். யார் போனாலும் அலுவலகம் திறக்கும். 1166-க்குப் போன் போடு" என்று தன் கைப்பேசியை எடுத்து அவரே போட்டார். நுகர்வோர் பாதுகாப்பு வாரியத்தின் எண் அது. இரண்டு நிமிடத்தில் ஒருவர் எடுத்தார். என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று பா கேட்டுச் சொல்ல, நான் குறித்துக்கொண்டேன்.

அந்த வாரியம் இருக்கும் இடத்தைக் கேட்டதும் எனக்கு எப்படியோ ஆகிவிட்டது. செங் வத்தனா சாலையில் அரசு அலுவலக வளாகம், பி கட்டடம். விசா நீட்டிக்க வருஷா வருஷம் நாம் போய் நிற்கும் குடிவரவு அலுவலகம் இருக்கும் அதே கட்டடம். அத்தனை தடவை அங்கே போயும் இப்படி ஓர் அலுவலகம் இருப்பதை நான் கவனித்ததே இல்லை. இப்போது இளஞ்சிவப்பு மோனோரயில் அந்த வளாகத்தின் பக்கத்தில் நிற்கிறது.

அலுவலகத் தோழி ஒருவர் மொழிக்காக விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வந்தார். காலை எட்டு மணிக்குத் தேசிய கீதம் ஒலித்தபோது வளாகத்தில் எல்லோரும் அப்படியே நின்றோம். பிறகு வழக்கம்போல வேலை தொடங்கியது. பாஸ்போர்ட் நகல், ஒப்பந்தம், கட்டிய ரசீதுகள், லைன் உரையாடலின் அச்சுப் பிரதி, காலி செய்த அன்று எடுத்த புகைப்படங்கள் இவற்றைக் கொடுத்தேன். வெளிநாட்டுக்காரன் என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. அதிகாரி லைன் பக்கங்களைப் புரட்டி, "அமைச்சரவை பதவியேற்கவில்லை" என்ற வரியில் பேனாவை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. புகார் எண் எழுதிக் கொடுத்தார்.

அப்புறம் மூன்று மாதம் போனது. வாரியத்தின் கடிதம் போன பிறகுதான் கட்டடத்திலிருந்து பேச்சே வந்தது. சமரசப் பேச்சுக்கு வரச் சொன்னார்கள். வண்ணம் பூச, ஏசி கழுவ, மெத்தை மாற்ற என்று 9,000 பாட்டுக்கு ஒரு கணக்கை நீட்டினார்கள். குடிவந்த அன்று மெத்தையை நான் படம் எடுக்கவில்லை, அங்கே மாட்டிக்கொண்டேன். வண்ணம் பூசும் வரி ஒப்பந்தத்தில் இருந்தது, அதிலும் பேச முடியவில்லை. கடைசியில் 14,000 பாட் டிசம்பர் நடுவில் கணக்கில் வந்தது. சம்மதிக்காவிட்டால் நுகர்வோர் வழக்காகப் போகலாம், 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றக் கட்டணமும் கிடையாது என்று சொன்னார்கள். எனக்கு மேலும் விடுப்பு இல்லை. போயிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். மின்கட்டணத்தில் கூடுதலாகக் கொடுத்தது ஒரு பாட்கூடத் திரும்பவில்லை.

கட்டடத்தின் பெயரைச் சொல்லு என்று பலர் கேட்கிறீர்கள். சொல்ல மாட்டேன். நீங்களும் பெயர் போட்டு எங்கேயும் எழுதாதீர்கள். தாய்லாந்தில் அவதூறு என்பது குற்றவியல் வழக்கு. தண்டனைச் சட்டத்தின் 326, 328 பிரிவுகள். பலர் படிக்கும்படி வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் பாட் வரை அபராதம். நடந்ததை நடந்தபடி எழுதியவர்கள் மீதும் வழக்குப் போடுகிறார்கள். கோபத்தில் கூகுளில் ஒரு நட்சத்திரம் கொடுத்துத் திட்டி எழுதப்போனால், பணம் கேட்டு வந்த நாம் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரும். அதேபோல, அலுவலகத்தில் நின்று கத்தாதீர்கள். இங்கே குரலை உயர்த்தினவர் பக்கம் நியாயம் இருந்தாலும் யாரும் அவர் பக்கம் நிற்க மாட்டார்கள். தணிந்த குரலில், எழுத்தில் கேளுங்கள்.

சாவி வாங்கும் அன்றே மெத்தை, சுவர், குழாய், ஏசி எல்லாவற்றையும் காணொளியாக எடுத்து அன்றே லைனில் மேலாளருக்கு அனுப்பிவிடுங்கள். தேதி அதிலேயே நின்றுவிடும். தாய்லாந்து மொழிப் பிரதியை யாரையாவது வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தேதியைப் புத்த ஆண்டில் எழுதுவார்கள். 2565 என்று இருந்தால் 2022, 543-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். மின்சாரம், தண்ணீர் என்ன விலை என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். முடிந்தால் மின்வாரியத்தின் ரசீது நேராக வரும் கண்டோமினியம் (ஒவ்வொரு வீடும் தனித்தனி உரிமையாளருக்குச் சொந்தமான அடுக்குமாடி) பாருங்கள். ஆனால் ஒற்றை அறையை மட்டும் வாடகைக்கு விடும் தனி முதலாளிக்கு நான் சொன்ன ஏழு நாள் விதி பொருந்தியதில்லை, அங்கே ஒப்பந்தத்தில் எழுதியதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. நீங்கள் குடிவந்த 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிப்பது வீட்டுக்காரரின் கடமை, 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு. எங்கள் கட்டடத்தில் அதற்கும் தனியாக 500 பாட் வாங்கினார்கள். கொடுக்காதீர்கள்.

நண்பரின் விஷயத்துக்கு வருகிறேன். 2025 ஆகஸ்ட் 29 அன்று பெதோங்தானையும் நீதிமன்றம் பதவி நீக்கியது, செப்டம்பர் 5 அன்று அனுதின் சார்ன்விரகுல் தேர்வானார். அந்த ஒரு வாரத்துக்குள் நண்பருக்கு வந்த பதில்: "புது அரசு வரட்டும்." சீலோம் மாரியம்மன் கோயில் வாசலில் நின்று அந்தச் செய்தியை எனக்குக் காட்டினார். நான் ஒரு மாதம் காத்திருந்த மாதிரி அவரும் காத்திருக்கத் தயாராக இருந்தார். அங்கேயே நின்று 1166-க்குப் போன் போட வைத்தேன். அடுத்த திங்கள்கிழமை செங் வத்தனாவுக்கு அவரோடு நானும் போனேன்.