ஸ்டென்ட்டா, பைபாஸா?

"இதயக் குழாயில மூணு அடைப்பு இருக்கு. ஸ்டென்ட் வச்சா ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம். பைபாஸ்னா நெஞ்சைத் திறக்கணும்." இப்படிக் கேட்டால் யார்தான் பைபாஸ் என்று சொல்வார்கள்? முதல் மாதத்தை மட்டும் பார்த்தால் ஸ்டென்ட்டுக்குத்தான் வெற்றி. அடுத்த பத்து வருடத்தையும் பார்த்தால் கணக்கு மாறலாம்.

மாரடைப்பு வந்துகொண்டிருக்கும் நேரத்தில் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. அடைத்த குழாயை உடனே திறக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த 90 நிமிடத்துக்குள் என்பது பொதுவான இலக்கு. பெரும்பாலும் ஸ்டென்ட்தான் வழி. யோசிக்க அவகாசம் இருப்பவர்களுக்குத்தான் மற்றதெல்லாம்.

இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு. மணிக்கட்டு அல்லது தொடை வழியாக உள்ளே போகும் ஸ்டென்ட் என்ற சின்னக் கம்பிவலைக் குழாய், அடைப்பு உள்ள அந்த ஓர் இடத்தை விரித்து வைக்கிறது. அதற்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால் நாளை புதிதாகக் கொழுப்பு படிந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. பைபாஸில் புதுக் குழாயை அடைப்பைத் தாண்டிக் கீழே கொண்டுபோய் இணைக்கிறார்கள். கொழுப்பு பெரும்பாலும் குழாயின் தொடக்கப் பகுதியில்தான் படிகிறது. அதனால் மேலே பின்னாளில் இன்னொரு அடைப்பு வந்தாலும் கீழே ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். பல குழாய்களில் அடைப்பு உள்ளவர்களுக்கு பைபாஸ் நீண்ட நாள் கைகொடுப்பதற்கு இது முக்கியக் காரணம்.

பைபாஸிலும் எந்தக் குழாயை எடுத்து வைக்கிறார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மார்பெலும்பின் உள்பக்கம் ஓடும் தமனியில் கொழுப்பு அவ்வளவு எளிதில் படியாது. இதயத்தின் முன்பக்கக் குழாயில் அதை இணைத்தால், பத்து வருடம் கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்குத் திறந்தே இருக்கிறது. காலில் இருந்து எடுக்கும் சிரைக்கு அந்த ஆயுள் கிடையாது. பத்து வருடத்தில் ஏறக்குறைய பாதி கெட்டுப்போகின்றன.

சர்க்கரை நோயும் பல குழாய்களில் அடைப்பும் சேர்ந்திருந்தால் என் ஓட்டு பைபாஸுக்குத்தான். 2012-ல் வெளியான ஃப்ரீடம் ஆய்வில் இப்படிப்பட்ட 1,900 பேரைப் பார்த்தார்கள். ஐந்து வருடத்தில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தது ஸ்டென்ட் தரப்பில் 26.6 சதவீதம், பைபாஸ் தரப்பில் 18.7. ஆனால் பக்கவாதத்தை மட்டும் தனியாக எடுத்தால் பைபாஸ் தரப்பில்தான் அதிகம்: 5.2 சதவீதம், ஸ்டென்ட்டில் 2.4. இந்த இரண்டாவது கணக்கையும் குடும்பத்துக்குச் சொல்லியாக வேண்டும். வெட்டிய மார்பெலும்பு கூடி வர இரண்டு மூன்று மாதம் ஆகும் என்பதையும்தான்.

ஒன்றிரண்டு குழாய்களில் எளிய அடைப்பு என்றால் பெரும்பாலும் நெஞ்சைத் திறக்கத் தேவையில்லை. வயது முதிர்ந்து தளர்ந்தவர்கள், நுரையீரல் மோசமானவர்களுக்கும் ஸ்டென்ட்தான் பொருத்தம். இதயத்தின் இடது பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது பிரதானக் குழாயில் அடைப்பு என்றால் மட்டும் நிபுணர்களிடையே இன்றும் சண்டை ஓயவில்லை. அடைப்பு சிக்கலில்லாமல் இருந்தால் இரண்டுமே சரி. சிக்கல் கூடக் கூட பைபாஸ் பக்கம் சாய்கிறது.

ஸ்டென்ட் வைத்தபின் ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிட வேண்டும்: வழக்கமாக ஆறு மாதம், மாரடைப்பு வந்தவர்களுக்கு ஒரு வருடம். நாமாகவே நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்தாகும். அடிக்கடி ரத்தக்கசிவு வருபவர்கள் இதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், மூன்றாவது வழியும் ஒன்று உண்டு: மாத்திரை மட்டும். மாரடைப்பு போன்ற அவசரம் இல்லாமல், நோய் நிலையாக இருந்தவர்களை வைத்து நடந்த இஸ்கீமியா ஆய்வு 2020-ல் வெளியானது. ஸ்டென்ட்டோ பைபாஸோ உடனே செய்ததால் மரணம் குறையவில்லை, நெஞ்சுவலி குறைந்தது. ஆனால் இடது பிரதானக் குழாய் அடைப்போ, இதயம் மிகவும் பலவீனமான நிலையோ உள்ளவர்கள் அந்த ஆய்வில் இல்லை. மற்ற பலருக்கு, முதலில் மாத்திரையோடு தொடங்கிப் பார்ப்பது நியாயமான சிகிச்சையே.

ஆஞ்சியோகிராம் மேசையில் ஆளைப் படுக்க வைத்துக்கொண்டே, வெளியே நிற்கும் பிள்ளைகளிடம் "இப்பவே ஸ்டென்ட் வச்சிடலாமா?" என்று கேட்பதுண்டு. மாரடைப்பு இல்லை, அடைப்பும் பல இடங்களில் என்றால், "இப்போதைக்கு வேண்டாம், யோசித்துச் சொல்கிறோம்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆஞ்சியோகிராம் படம் பதிவான சிடியை வாங்கிக்கொள்ளுங்கள். இதய மருத்துவர், இதய அறுவை நிபுணர் இருவரும் அதைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.