முகச் சுருக்கத்துக்கு ரெட்டினாலா, பெப்டைடா?

சான்றுகளை மட்டும் எடைபோட்டால் வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவமான ரெட்டினாலின் குடும்பம்தான் முன்னால் நிற்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எரிச்சலுக்குப் பயந்து இரண்டாவது வாரமே அதைத் தூக்கிப் போட்டவர்களுக்கு அதனால் என்ன பயன்? பெப்டைட் பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ரெட்டினால் தோலுக்குள் போய் ரெட்டினாயிக் அமிலமாக மாறி, செல்லின் கருவிலேயே வேலை செய்கிறது. தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனின் உற்பத்தியைக் கூட்டும், அதைச் சிதைக்கும் நொதிகளையும் அடக்கும். அதே குடும்பத்தைச் சேர்ந்த, மருத்துவர் சீட்டில் கிடைக்கும் ட்ரெட்டினாயின் கிரீமுக்கு அமெரிக்காவில் 1995-லேயே மெல்லிய சுருக்கங்களுக்காக ஒப்புதல் கிடைத்துவிட்டது. இதற்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டியது என்னவென்றால், முதல் சில வாரங்களுக்குத் தோல் உரியும், சிவக்கும், காய்ந்துபோகும். கர்ப்பமாக இருப்பவர்கள் தொடவே கூடாது.

பெப்டைட் போகும் வழி வேறு. சில அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி அது. கொலாஜன் உடையும்போது உண்டாகும் துண்டுகளைப் போலவே இருப்பதால், தோல் செல்கள் அதைப் பார்த்து 'இங்கே ஏதோ சிதைந்திருக்கிறது, புதிதாகக் கட்ட வேண்டும்' என்று எடுத்துக்கொள்ளும் என்பதுதான் அடிப்படை யோசனை. மேட்ரிக்சில் என்ற பெயரில் வருவது இந்த வகை. ஐந்து அமினோ அமிலங்களோடு ஒரு கொழுப்பு அமிலத்தை ஒட்டியிருப்பார்கள், எண்ணெய்ப் பசையுள்ள மேல்தோலைத் தாண்டிப் போக வேண்டுமே. 2005-ல் வெளிவந்த ஆய்வில் 93 பெண்கள் 12 வாரம் முகத்தின் ஒரு பாதியில் இது கலந்த கிரீமும் மறு பாதியில் இது கலக்காத கிரீமும் போட்டார்கள். பெப்டைட் பக்கம் சுருக்கம் குறைந்தது, எரிச்சலும் இல்லை. குறைவு சிறியதுதான், ஆழமான கோடுகள் மறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஆர்ஜிரெலின் என்ற பெப்டைட் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். ஊசி இல்லாத போடாக்ஸ் என்று விற்கிறார்கள். தசையைத் தளர்த்திச் சுருக்கத்தைக் குறைக்கும் போடாக்ஸ், ஊசி மூலம் நேராகத் தசைக்கே போகிறது. இதுவோ தோல் முழுவதையும் கடந்தாக வேண்டும், ஆனால் 500 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) மேற்பட்ட மூலக்கூறுகள் தோலைத் தாண்டுவதே கஷ்டம், இதன் எடை 900-ஐ நெருங்குகிறது. மறுபக்கம், 1973-ல் லோரன் பிக்கார்ட் மனித ரத்தப் பிளாஸ்மாவில் கண்டறிந்த ஜிஹெச்கே என்ற பெப்டைட் எடையில் சின்னது. தாமிரத்தோடு சேர்ந்து வரும் இது காயம் ஆறுவதோடு தொடர்புடையது. இதை வைட்டமின் சி சீரத்தோடு ஒரே நேரத்தில் போடாதீர்கள், தாமிரம் அந்த வைட்டமினைச் சீக்கிரம் கெடுத்துவிடும்.

சரி, எதை வாங்குவது? தோல் தாங்கினால் இரவில் ரெட்டினால், வாரத்துக்கு இரண்டு நாளில் தொடங்குங்கள். தாங்காவிட்டால் மேட்ரிக்சில் வகை. இரண்டையும் சேர்த்தும் போடலாம். பெப்டைட் ஃபேஸ்வாஷுக்குக் காசு கொடுக்காதீர்கள், கழுவியதும் போய்விடும். அப்புறம், லேபிளில் பெப்டைட் பெயர் கடைசியில் இருந்தால் ஏமாற்று என்று முடிவு கட்டவும் வேண்டாம். அந்த 2005 ஆய்வில் இருந்ததே பத்து லட்சத்தில் மூன்று பங்குதான்.