செக்யூரிட்டி ஃபார் காஸ்ட்ஸ் (வழக்குச் செலவுக்கான பிணைத்தொகை) பணத்தை இடையில் நிற்பவர்களிடம் கொடுக்காதீர்கள்

கோலாலம்பூரில் சிவில் வழக்கு நடத்துகிறவர்கள், அதிலும் வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரருக்காக இங்கே அலைகிறவர்கள், தயவுசெய்து இதைப் படியுங்கள். எங்கள் 15,000 ரிங்கிட் போய்விட்டது. அதோடு வழக்கும் போய்விட்டது.

அக்கா செந்தூலில் இருந்த காலத்தில் ஒருவருக்குத் தொழிலுக்காக 140,000 ரிங்கிட் கொடுத்தார். 2019-க்குள் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்த ஆள் தரவே இல்லை. 2023-இல் ஜாலான் டூத்தாவில் செஷன்ஸ் கோர்ட்டில் வழக்குப் போட்டோம். ஆன்லைனில் வழக்கறிஞர் பிடித்துக் கொடுத்து, வழக்கு வேலைகளையும் பார்த்துக்கொள்ளும் ஒரு நிறுவனம் மூலமாகத்தான் போனோம்.

அக்கா இப்போது குடியிருப்பது திருச்சியில். எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டது. 2012 நீதிமன்ற விதிகளில் ஆர்டர் 23 என்று ஒன்று இருக்கிறது. வழக்குப் போட்டவர் வழக்கமாக வசிப்பது நாட்டுக்கு வெளியே என்றால், அவர் தோற்றுப்போனால் தன் செலவுக்குப் பணம் வேண்டுமே என்று பிரதிவாதி முன்கூட்டியே பிணைத்தொகை கேட்கலாம். மலேசியக் குடிமகளாக இருந்தாலும் வசிப்பிடத்தைத்தான் பார்ப்பார்கள். கேட்டவுடன் கோர்ட் கொடுத்துவிடாது. வழக்கில் பலம் இருக்கிறதா, இங்கே சொத்து உண்டா, வழக்கை நசுக்கத்தான் கேட்கிறார்களா என்றெல்லாம் பார்த்துதான் முடிவு செய்யும். எங்களுக்குக் கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. ஒரு மாதத்துக்குள் 15,000 ரிங்கிட். கட்டும்வரை வழக்கு நகராது, கட்டாவிட்டால் ரத்து.

பிரிக்ஃபீல்ட்ஸில் அந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்கே போனேன். அங்கிருந்த தம்பி நல்ல தமிழில், பொறுமையாக, உத்தரவை வரிவரியாகப் படித்துக் காட்டினார். "அண்ணே, ஜெயிச்சா இந்தப் பணம் முழுசா திரும்பி வந்துடும். நீங்க கோர்ட்டுக்கு அலைய வேணாம், எங்க அக்கவுண்ட்ல போடுங்க, நாளைக்கே கட்டிடுறோம்" என்றார். அக்காவுக்கு வீடியோ கால் போட்டு அவரிடமும் பேசினார். "கவலைப்படாதீங்க அக்கா, இது எங்க பொறுப்பு" என்று அவர் சொன்னதை அக்கா இன்னும் சொல்லிச் சொல்லி அழுகிறார். அக்கா அனுப்பியது பாதி, என் ஊழியர் சேமநிதி நெகிழ்வுக் கணக்கிலிருந்து எடுத்தது பாதி. அன்றைக்கே 15,000-ஐயும் போட்டுவிட்டேன்.

கோர்ட் ரசீது கேட்டேன். "சிஸ்டத்துல ஏறலண்ணே" என்றார்கள். அப்புறம் "அக்கவுண்ட்ஸ் பிரிவு லீவு". அதற்கப்புறம் அந்தத் தம்பி வேலையை விட்டுப் போய்விட்டாராம், புதிதாக வந்த பெண்ணுக்கு எதுவும் தெரியாதாம். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. கடைசியில் வழக்கறிஞரை நேராகப் பிடித்தேன். வழக்கு ரத்தாகிவிட்டது என்றார். "உங்களால பணம் புரட்ட முடியலன்னு அவங்க சொன்னாங்களே!" என்றாரே, கை நடுங்கிவிட்டது. பணம் கட்டிய வங்கிச் சீட்டு என் கையில் இருக்கிறது!

மறுபடி வழக்குப் போடலாமா என்றால், 1953 காலவரம்புச் சட்டப்படி ஒப்பந்தக் கடனுக்கு ஆறு வருஷம்தான். அதுவும் தாண்டிவிட்டது. அந்த 15,000-க்காக 140,000-மும் போச்சு.

விவரமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது மனசு ஓடவில்லை. இவ்வளவு சொல்கிறேன். பிணைத்தொகையை எப்படிக் கட்ட வேண்டும் என்று உத்தரவிலேயே பாருங்கள். வழக்கறிஞர் வழியாகப் போவதென்றால் அவருடைய கட்சிக்காரர் கணக்குக்கு (client account, வழக்குக் கொடுத்தவர்களின் பணத்தைத் தனியாக வைக்கும் கணக்கு) மட்டும் போடுங்கள், நிறுவனத்தின் கணக்குக்கு வேண்டாம். வங்கி உத்தரவாதம் கொடுக்கலாமா என்றும் கேளுங்கள், சில வழக்குகளில் கோர்ட் ஏற்கும். சின்னக் கம்பெனி பெயரில் வழக்குப் போட்டவர்களும் கவனம், கம்பெனியால் செலவைக் கட்ட முடியாது என்று காட்டினால் 2016 கம்பெனிச் சட்டப்படி உங்களிடமும் கேட்பார்கள். கெடு முடியும் முன்பே ரசீதைக் கையில் வாங்கிவிடுங்கள்.

போலீஸ் புகார் கொடுத்துவிட்டேன். இதே மாதிரி இடத்தில் பணம் போட்டவர்கள் வழக்கு எண்ணோடு இன்றைக்கே கோர்ட் பதிவகத்துக்குப் போய், பணம் வந்திருக்கிறதா என்று நேரில் கேளுங்கள்.