எம்.பி.5: தோளில் மாட்டி நின்றவன் எழுதும் ரிவ்யூ

என் அக்கா பையன் எந்நேரமும் போனில் துப்பாக்கி கேம் ஆடுகிறவன். போன ஞாயிற்றுக்கிழமை கல்மண்டபம் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம், திரையில் ஒரு குட்டித் துப்பாக்கியைக் காட்டி, "இன்னா மாமா, இத்தயா நீ தூக்கினு சுத்தின? டேமேஜே இல்ல, வேஸ்ட்டு" என்றான். பார்த்தால் எம்.பி.5கே, நான் தோளில் மாட்டி நின்ற எம்.பி.5 தானியங்கித் துப்பாக்கியின் குட்டி ரகம். எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. டீ ஆறும்வரை அவனுக்குச் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். மத்தியப் படையிலிருந்து டெபுடேஷனில் தேசியப் பாதுகாப்புப் படையான என்.எஸ்.ஜி.க்குப் போய், டெல்லி பக்கத்து மானேசரில் பயிற்சி முடித்து, சில வருடம் வி.ஐ.பி. பாதுகாப்பில் நின்றவன் நான். எங்கே கிடைக்கும், என்ன விலை என்று கீழே யாரும் கேட்காதீர்கள். தானியங்கித் துப்பாக்கி நம் ஆயுதச் சட்டப்படி தடை செய்யப்பட்ட ரகம், கேட்டால் வீட்டுக்கே வந்து பதில் சொல்வார்கள்.

இதற்கு முன்னால் எங்கள் கையில் இருந்தது கார்பைன் என்கிற குட்டைத் துப்பாக்கி. பிரிட்டிஷ் ஸ்டெர்லிங்கின் கான்பூர் தயாரிப்பு, குண்டு அடுக்குகிற மேகசின் இடது பக்கம் வாழைக்காய் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், 34 ரவுண்டு. உழைக்கிற சாமான்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் ட்ரிகரை இழுத்தால் பின்னால் நிற்கும் போல்ட் முழுசாக ஓடிவந்து, குண்டைத் தள்ளிக்கொண்டு போய் வெடிக்கும். அந்த இரும்புக்கட்டி ஓடுகிற ஓட்டத்தில் குறி ஒரு நூல் நகர்ந்துவிடும். எம்.பி.5இல் போல்ட் ஏற்கெனவே மூடி, குண்டு அறைக்குள் தயாராக இருக்கும்; ட்ரிகரை இழுத்தால் சுத்தி மட்டும் விழும். முதல் குண்டு நினைத்த இடத்தில் போய் உட்காரும். போல்ட் தலையில் இரண்டு உருளைகள் உண்டு, அழுத்தம் இறங்கும்வரை போல்ட்டைப் பின்னால் போகவிடாமல் அவை பிடித்து வைக்கும். அதனால் தோளில் உதைப்பதே தெரியாது. முதல் நாள் ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் மைதானத்தில், சுட்டுவிட்டு, குண்டு போனதா இல்லையா என்று பயிற்சி கொடுக்கும் உஸ்தாதைத் திரும்பிப் பார்த்தேன், அப்படி இருந்தது.

ஜெர்மனியில் ஹெக்லர் அண்ட் கோக் கம்பெனி 1960களில் செய்தது. 1977இல் மொகதிஷுவில் கடத்தப்பட்ட லுஃப்தான்ஸா விமானத்தை மீட்ட ஜெர்மன் கமாண்டோக்கள், 1980இல் லண்டன் ஈரான் தூதரகத்தில் நுழைந்த பிரிட்டிஷ் எஸ்.ஏ.எஸ். கமாண்டோக்கள் என்று பெரிய பெரிய கை எல்லாம் இதைப் பிடித்திருக்கிறது. எப்படிச் சுட வேண்டும் என்று மாற்றுகிற லீவரில் எஸ், ஈ, எஃப் என்று மூன்று எழுத்து இருக்கும். எஸ் என்றால் சேஃப்டி, எஃப் என்றால் ஃபுல் ஆட்டோ, நடுவில் ஈ எதற்கு என்று பல மாதம் மண்டையைக் குடைந்தது. மூன்றுமே ஜெர்மன் வார்த்தைகளின் முதல் எழுத்தாம். ஈ என்றால் ஒற்றைச் சூடு. நாங்கள் பழகியதெல்லாம் அந்த ஈயில்தான், எஃப் பக்கம் லீவர் போனாலே உஸ்தாத் முறைப்பார்.

சரி, டேமேஜ் விஷயத்துக்கு வருவோம். காசிமேட்டில் விடிகாலை மீன் ஏலம் நடக்கிற இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கூடையும் தலையும் ஐஸ் பெட்டியுமாக ஒருத்தர் மேல் ஒருத்தர். வி.ஐ.பி. டியூட்டி என்றாலே தினமும் அந்த மாதிரிக் கூட்டம்தான், மாலை போட ஆயிரம் பேர் முண்டுவார்கள். அங்கே ஏ.கே. ரைஃபிள் குண்டு ஒருத்தனைத் துளைத்துவிட்டுப் பின்னால் நிற்கிறவனையும் தேடிப் போகும். இது சுடுவது சாதாரண 9 மில்லிமீட்டர் பிஸ்டல் குண்டு. அதுவும் துளைக்கும்தான், ஆனால் அவ்வளவு தூரம் ஓடாது. அக்கா பையா, நீ வேஸ்ட்டு என்று சொன்னாயே, அதற்காகத்தான் எங்களிடம் இதைக் கொடுத்தார்கள்.

தொல்லைகளும் உண்டு. 30 ரவுண்டு மேகசினில் முழுசாக 30 போட்டு, போல்ட் மூடியிருக்கும்போது செருகினால் உட்காராமல் அடம் பிடிக்கும், அதனால் பலர் 28தான் போடுவார்கள். கடைசிக் குண்டு போனபின் போல்ட் பின்னால் நிற்காது, ட்ரிகரை இழுத்து 'டக்' என்று வெறும் சத்தம் வந்தால்தான் காலி என்றே தெரியும். இது எனக்குப் பிடிக்காத ஒன்று, சண்டையில் அந்த 'டக்' கேட்கிற நிலைமை யாருக்கும் வர வேண்டாம். உருளை இருக்கிற இடத்தில் கரி படியும், குழலுக்குள் விட்டு இழுக்கும் புல்த்ரூ கயிறும் கிழிசல் துணியும் வைத்துத் தேய்த்துத் தேய்த்து விரல் கறுத்துப் போகும். கடலோர டியூட்டி என்றால் கேட்கவே வேண்டாம், எங்கள் தொண்டையார்பேட்டையில் ஜன்னல் கம்பியே இரண்டு மழைக்குத் தாங்காது, அந்த உப்புக்காற்றில் ஒரு நாள் எண்ணெய் போட மறந்தால் துரு எட்டிப் பார்க்கும். எடை மூன்று கிலோவுக்குப் பக்கம். நிறைந்த மேகசினோடு எட்டு மணி நேரம் கழுத்தில் தொங்கினால் ஸ்லிங் பட்ட இடம் தனியாகத் தெரியும்.

அவன் காட்டிய கே மாடல் வேறு கதை. 1976இல் வந்தது, 325 மில்லிமீட்டர்தான், பள்ளிக்கூட ஸ்கேலைவிடக் கொஞ்சம் நீளம், இரண்டு கிலோ. தோளில் வைக்கிற பின்கட்டை (பட்) கிடையாது. கோட்டுக்குள் மறைக்கலாம், காருக்குள் திருப்பலாம், பெட்டிக்குள் வைத்துக் கைப்பிடியிலேயே சுடுகிற மாதிரி ஒரு சூட்கேஸ்கூட அந்தக் கம்பெனியே செய்தது. ஆனால் நிமிடத்துக்கு 900 ரவுண்டு வேகம், தோளில் முட்டுக் கொடுக்க ஒன்றுமில்லை, ரேஞ்சில் என் இரண்டாவது குண்டு அட்டையையே தாண்டிப் போனது. அதிகப் பழக்கம் இல்லாதவன் கையில் கொடுக்கக் கூடாது.

இதன் காலம் முடிந்துவிட்டதா என்றால், பாதி ஆமாம். 2008 நவம்பரில் மும்பை தாஜ் ஹோட்டலுக்குள் எங்கள் படை இதோடுதான் போனது, எதிரில் இருந்தவன் கையில் ஏ.கே. (அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் சென்னைக்கும் ஒரு என்.எஸ்.ஜி. மையம் வந்தது.) அதுவும் இன்றைக்கு எதிரி குண்டு துளைக்காத சட்டை போட்டு வந்தால் பிஸ்டல் குண்டு திணறும். பிரதமரைச் சுற்றி நிற்கிற எஸ்.பி.ஜி. ஆட்கள் பெல்ஜியத்தின் பி90 துப்பாக்கிக்கு மாறியது சும்மா இல்லை. நம்மூரிலும் ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் புனே ஆய்வகம் 5.56 மில்லிமீட்டர் ரைஃபிள் குண்டைச் சுருக்கி ஒரு கார்பைன் செய்திருக்கிறது. 2021இல் அறிவித்த அஸ்மி என்ற இன்னொரு உள்நாட்டுத் துப்பாக்கி 9 மில்லிமீட்டரிலேயே இரண்டு கிலோவுக்குள் வந்துவிட்டது, 2024இல் ராணுவத்தின் வடக்குப் பிரிவு 550 எடுத்தது. இரண்டையும் நான் தொட்டதில்லை, அதனால் மார்க் போடவில்லை. எம்.பி.5க்கு ஐந்துக்கு நான்கு. அந்த 'டக்'குக்காக ஒன்று குறைத்தேன்.

எல்லாம் கேட்டுவிட்டுப் பையன் கடைசியில், "அத்தெல்லாம் சரி மாமா, டியூட்டில எத்தினி சுட்ட?" என்றான். காலையில் ஆயுத அறையான கோத்தில் 28 ரவுண்டு எண்ணி வாங்கிக் கையெழுத்துப் போடுவேன், ராத்திரி அதே 28ஐ எண்ணிக் கொடுத்துக் கையெழுத்துப் போடுவேன், ஒரு நாள்கூடக் கணக்கு குறைந்ததில்லை என்றேன். "அவ்ளோதானா?" என்று சொல்லிவிட்டு மறுபடி போனைத் திறந்துகொண்டான்.